பசுவின் சூலகத்தில் முட்டை முதிரும் விதம்

கறவை மாடு வாங்கக் கடன் பெற்ற அங்கத்தினர் ஒருவர் தவணை தவறுவாராயின், அதன் காரணத்தை நேரில் விசாரித்து அறிக்கை எழுதுவது கூட்டுறவு ஆய்வாளனின் கடமைகளுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், நெசவாளர் மிகுந்த ஓர் ஊருக்கு அத்தகைய விசாரணைக்காகச் சென்றிருந்தேன். கடன் பெற்றவர் பட்டுச் சேலை நெய்பவர். அவரும் அவர் மனைவியாரும் பகலெல்லாம் தறியில் இருப்பர். கொல்லையில் ஒரு கலப்பினப் பசு நின்றது. முதல் ஈற்றில் அது நன்றாகவே கறந்தது. தவணைகளும் ஒழுங்காக வந்தன. அதன் பின்னர் மூன்று முறை கருவூட்டியும் மாடு சினை பிடிக்கவில்லை. பால் வற்றியது, தவணையும் நின்றது.

"மாடு மலடாகிவிட்டதுங்க, ஐயா. வருகிற சந்தையில் கொடுத்துவிட்டு, கிடைத்ததைச் சங்கத்தில் கட்டிவிடுகிறேன்" என்றார் அவர். மலட்டு மாட்டுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். அந்தத் தொகை போக மீதிக் கடனுக்கு அவருடைய தறிக்கூலிதான் பொறுப்பு. இருந்தும் நான் மறு யோசனையின்றி, "மாடு மலடு; ஈட்டின் மதிப்புக் குறைந்துவிட்டது; கடனை உடனே வசூலித்தல் நலம்" என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டேன்.

அக்குறிப்பு பிழை என்பதை மறுநாளே உணர நேர்ந்தது. அப்பகுதிக் கால்நடை மருத்துவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, "மாட்டைச் சோதித்துப் பார்க்காமல் மலடு என்று எழுதலாமா?" என்று கேட்டு, அவரே என்னுடன் வந்தார். சோதித்துவிட்டு, "சூலகம் இரண்டும் குறைவற்றவை, கருப்பையும் அப்படியே" என்றார். பிறகு கருவூட்டிய தேதிகளைக் கேட்டார். நெசவாளருக்கு நினைவில்லை. அவர் மனைவியார் சங்கத்துப் பாஸ் புத்தகத்தை எடுத்து வந்து, நூல் வாங்கிய நாளையும் சேலை அறுத்துக் கொடுத்த நாளையும் அடையாளமாகக் கொண்டு மூன்று தேதிகளையும் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். அவற்றின் இடைவெளி 21 நாள், 20 நாள்.

"ஒவ்வொரு தடவையும் விடியற்காலையிலேயே கத்த ஆரம்பித்துவிடுமுங்க. ஒரு தடவை அன்றைக்குத் தெருவில் பாவு விரித்திருந்தோம். மற்ற இரண்டு தடவையும் சேலை அறுக்கிற அவசரம். மறுநாள் மத்தியானத்துக்கு மேல்தான் மாட்டை ஓட்டிப் போக முடிந்தது" என்றார் அந்த அம்மையார்.

"இருபது, இருபத்தொரு நாள் தவறாமல் பருவத்துக்கு வருகிற மாடு மலடன்று. மாட்டில் பிழையில்லை; நேரத்தில்தான் பிழை" என்றார் மருத்துவர்.

பட்டப் படிப்பில் விலங்கியலைத் தொடாத எனக்கு இது புதிய செய்தி. அரை நாள் தாமதத்தினால் ஒரு கன்றும், ஒரு ஈற்றுப் பாலும், ஒரு குடும்பத்தின் தவணையும் எவ்வாறு போகக்கூடும் என்று மருத்துவரைக் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டேன். மாடு வளர்க்கும் அங்கத்தினர் எல்லோருக்கும் அது பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகிறேன்.

முட்டையும் அதன் குமிழியும்

பசுவின் வயிற்றினுள், கருப்பையின் இரு பக்கங்களிலும், பக்கத்துக்கொன்றாகச் சூலகங்கள் உள்ளன. வாதுமைக் கொட்டை வடிவினவான அவை ஒவ்வொன்றும் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அவற்றின் மேல் நீர் நிறைந்த கொப்புளங்கள் காணப்படும். ஹாலந்து நாட்டு மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப் 1672இல் இவற்றை விவரித்து எழுதினார். கொப்புளத்துக்குள் இருக்கும் உண்மையான முட்டையை, 1827இல் கார்ல் எர்னஸ்ட் வான் பேயர் என்பவர் ஒரு நாயின் சூலகத்தில் முதன்முதலாகக் கண்டார். கோழி முட்டையைக் கண்டு பழகிய நமக்கு வியப்பாயிருக்கும்: பசுவின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அளவே உடையது.

இக்கொப்புளத்தைக் கால்நடை மருத்துவர் பாலிக்கிள் என்பர். நாம் குமிழி என்று சொல்லிக்கொள்வோம். நடுவே முட்டை, அதனைச் சுற்றிச் செவிலித்தாயர் போன்ற உயிரணுக்கள், குமிழி பெரிதாகும்போது உள்ளே நீர். முட்டைக்கு வேண்டிய உணவு இச்செவிலி உயிரணுக்கள் வழியாகவே செல்கிறது. குமிழி முதிராமல் முட்டை முதிர்வதில்லை.

ஒரு கிடேரிக் கன்று பிறக்கும்போதே அதன் சூலகங்களில் பல்லாயிரக்கணக்கான நுண்ணிய குமிழிகள் இருக்கும். சில கன்றுகளில் இத்தொகை ஓரிலட்சத்தையும் தாண்டும். பிறந்த பின்னர் இது கூடுவதில்லை, குறைந்துகொண்டே வரும். ஒரு பசு சினையே ஆகாமல் பத்து ஆண்டுகள் பருவத்துக்கு வந்துகொண்டிருந்தாலும், ஏறத்தாழ 170 முட்டைகளே வெளிப்படும். எஞ்சிய யாவும் சூலகத்துக்குள்ளேயே அழிந்துபோகின்றன.

மற்றொரு வியப்பும் உண்டு. இம்முட்டைகள் ஒவ்வொன்றும், கன்று தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே, பிற்காலத்தில் கருவாவதற்கு வேண்டிய பிரிவினையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவைத்திருக்கின்றன. ஆறு வயதுப் பசு இன்று வெளியிடும் முட்டை, தான் பிறப்பதற்கு முன்பிருந்தே காத்திருந்த முட்டையாகும். அதனை நிறுத்திவைப்பது எது, எழுப்பிவிடுவது எது என்பதே நமது விஷயம்.

இரத்தத்தில் செல்லும் செய்தி

உடலின் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தில் கலந்து சென்று, வேறோரிடத்தில் வேலையைத் தூண்டும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயரை, இங்கிலாந்து நாட்டு உடலியலறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் வழக்கிற்குக் கொண்டுவந்தார்.

முட்டை முதிரும் காரியத்தில் நான்கு உறுப்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன. மூளையின் அடிப்பகுதி ஒன்று. அதன்கீழ்த் தொங்கும் பிட்யூட்டரி எனும் சிறு சுரப்பி மற்றொன்று. சூலகம் மூன்றாவது. கருப்பை நான்காவது.

மூளையின் அடிப்பகுதி ஜி.என்.ஆர்.எச். எனும் ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக விடுகிறது. இதன் அமைப்பைக் கண்டறிய அமெரிக்காவில் ரோஜே கில்மன், ஆண்ட்ரூ ஷாலி ஆகிய இருவரின் ஆராய்ச்சிக் குழுக்களும் ஆட்டு மூளைகளையும் பன்றி மூளைகளையும் இலட்சக்கணக்கில் சேகரித்து உழைக்க வேண்டியிருந்தது. 1971இல் அமைப்புத் தெளிவாயிற்று. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த ஜி.என்.ஆர்.எச். தூண்டுவதனால் பிட்யூட்டரிச் சுரப்பி இரண்டு ஹார்மோன்களை வெளியிடுகிறது. குமிழியை வளர்ப்பது எஃப்.எஸ்.எச்.; அதனை முதிர்வித்து வெடிக்கச் செய்வது எல்.எச். இவ்விரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

பலவற்றுள் ஒன்று பிழைக்கும் விதம்

உறங்கும் நுண்குமிழி ஒன்று விழித்து, முழு வளர்ச்சியடைய மாதக்கணக்கில் ஆகிறது. தொடக்க வளர்ச்சிக்கு எஃப்.எஸ்.எச். அவசியமில்லை, குமிழிக்குள்ளேயே முட்டையும் செவிலி உயிரணுக்களும் ஒன்றையொன்று வளர்த்துக்கொள்கின்றன. முட்டை சும்மா கிடந்து உண்ணும் பிள்ளையன்று. அது சுரக்கும் ஒருவகைப் புரதம் இல்லாத சுண்டெலிகளில் குமிழிகள் தொடக்க நிலையிலேயே நின்றுவிடுகின்றன என்று 1996இல் கண்டனர். குமிழிக்குள் நீர் கோத்த பிறகு, அது முழு வளர்ச்சி எய்தப் பசுவில் ஏறக்குறைய 42 நாள் ஆகிறது. இந்த 42 நாள் கணக்கைப் பின்னர் மீண்டும் காண்போம்.

மாட்டின் சூலகத்தை ஒலியலைக் கருவியால் நாள்தோறும் பார்க்கும் வசதி 1980களில் ஏற்பட்டது. ஒரு பருவத்துக்கும் மறு பருவத்துக்கும் இடையேயுள்ள 21 நாளில், குமிழிகள் இரண்டு அல்லது மூன்று அலைகளாக எழுகின்றன என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. ஒவ்வோர் அலைக்கும் முன்னால் எஃப்.எஸ்.எச். உயர்கிறது. அதைக் கண்டு பத்துப் பதினைந்து குமிழிகள், சில மாடுகளில் அதற்கு மேலும், ஒருங்கே வளரத் தொடங்குகின்றன. மூன்று நாளில் அவற்றுள் ஒன்று சற்று முந்திக்கொள்கிறது. அதன் அளவு எட்டு, ஒன்பது மில்லிமீட்டரை எட்டும்போது மற்றவை தேங்கிவிடுகின்றன, பின்னர் அழிகின்றன.

இதனை விவசாய அங்கத்தினர் எளிதில் உணர்வர். ஒரு வாய்க்காலின் கரையில் பத்துக் கன்றுகளை நட்டோம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் வாய்க்கால் நீரை உண்டு வளர்கின்றன. அவற்றுள் ஒன்று முந்தி வேர்விட்டு, நிலத்தின் ஆழத்திலுள்ள ஊற்றையும் தொட்டுவிடுகிறது. அப்போது வாய்க்கால் அடைபட்டால் அது மட்டுமே பிழைக்கும். வாய்க்கால் நீர் எஃப்.எஸ்.எச்.; ஊற்று நீர் எல்.எச். முந்திய குமிழி எல்.எச். ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைத் தன் செவிலி உயிரணுக்களில் உண்டாக்கிக்கொள்கிறது. அதுமட்டுமன்று, வாய்க்காலை அடைப்பதும் அக்குமிழியே. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், இன்ஹிபின் எனும் இரண்டும் பிட்யூட்டரிக்குச் சென்று எஃப்.எஸ்.எச். சுரப்பைக் குறைத்துவிடுகின்றன.

மற்றவை அழிவது எஃப்.எஸ்.எச். கிட்டாமையால்தான் என்பதற்குக் கண்கூடான சான்றுண்டு. உயர்ந்த ரகப் பசுக்களுக்கு எஃப்.எஸ்.எச். ஊசி தொடர்ந்து போட்டால், அழியவேண்டிய குமிழிகளும் பிழைத்து, ஒரே பருவத்தில் பல முட்டைகள் வெளிப்படுகின்றன. வேறு பசுக்களின் கருப்பையில் கருவை வைத்து வளர்க்கும் முறை இதனை ஆதாரமாகக் கொண்டதே. இயற்கையாகவே பல குட்டி ஈனும் இனங்களும் உண்டு. வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியின் காரோல் செம்மறியாடு இரண்டு, மூன்று குட்டி போடுவது சாதாரணம். ஆஸ்திரேலியாவில் பூரூலா எனும் செம்மறியிடம் காணப்படும் அதே மரபுப் பண்பே இதற்குக் காரணம். குமிழிகள் சிறிய அளவிலேயே முதிர்ந்துவிடச் செய்யும் அம்மரபணு மாற்றம் 2001இல் கண்டறியப்பட்டது.

மஞ்சள் திரளின் ஆட்சி

முந்திய குமிழி உடனே வெடித்து முட்டையை விடுமா? விடாது. அதற்குத் தடையாக இருப்பது முந்திய பருவத்தின் எச்சமாகும். சென்ற முறை வெடித்த குமிழியின் இடத்தில் மஞ்சள் நிறத் திரள் ஒன்று உருவாகிறது. அது புரொஜெஸ்டிரோன் எனும் ஹார்மோனைச் சுரக்கிறது. கருப்பையைக் கருவுக்கு ஏற்றதாக ஆயத்தம் செய்வதும், சினை தங்கினால் அதனைக் காப்பதும் இதன் வேலை. இது மிகுந்திருக்குமளவும் எல்.எச். துடிப்புகள் அரிதாகவே இருக்கும். ஊற்று நீர் போதாமையால், முந்திய குமிழியும் சில நாளில் வாடிவிடும். உடனே எஃப்.எஸ்.எச். மீண்டும் உயரும், அடுத்த அலை எழும்.

பருவம் முடிந்து 16, 17 நாள் ஆகும்போது கருப்பை ஒரு சோதனை நடத்துகிறது எனலாம். உள்ளே கரு இருந்தால், அது இன்டர்ஃபெரான் டௌ எனும் புரதத்தைச் சுரந்து தான் இருப்பதை அறிவிக்கும். அவ்வறிவிப்பு வந்தால் மஞ்சள் திரள் நிலைக்கும். வராவிடில், கருப்பை புராஸ்டாகிளாண்டின் எனும் பொருளை அனுப்பி மஞ்சள் திரளைக் கரைத்துவிடும். புரொஜெஸ்டிரோன் இறங்கும், எல்.எச். துடிப்புகள் விரையும். அவ்வேளையில் முந்தி நிற்கும் குமிழிக்கே அதிருஷ்டம்; அது வாடாமல் பதினைந்து மில்லிமீட்டருக்கு மேலும் பெருக்கும்.

முட்டை விழித்தெழும் நேரம்

பெருத்த குமிழி ஈஸ்ட்ரோஜனை மிகுதியாகச் சுரக்கிறது. குறைந்த அளவில் பிட்யூட்டரியை அடக்கிய இதே ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் இல்லாதபோது உச்சத்தை எட்டினால், இரண்டு காரியங்களைச் செய்கிறது. மாட்டின் மூளையில் பருவ வேட்கையை எழுப்புகிறது. அதனால் மாடு கத்துகிறது, தீனியில் நாட்டமின்றி அலைகிறது, பிற மாடு தன்மேல் தாவும்போது விலகாமல் நிற்கிறது. அதே சமயம், மூளையிலிருந்து பெருந்துடிப்பாக ஜி.என்.ஆர்.எச். பாயச் செய்து, பிட்யூட்டரியிலிருந்து எல்.எச். வெள்ளம்போல் பெருகச் செய்கிறது.

இந்த எல்.எச். வெள்ளமே, தாயின் வயிற்றிலிருந்தபோது நிறுத்திவைத்த பிரிவினையை மீண்டும் தொடங்கச் சொல்லும் கட்டளை. அதுவரை முட்டையைத் தடுத்துவைத்திருப்பது அதன் குமிழியே என்பதை 1935இல் கிரகரி பிங்கஸ், என்ஸ்மன் ஆகிய இருவரும் முயல்களில் காட்டினர். குமிழியிலிருந்து முட்டையை வெளியே எடுத்து வைத்தவுடன், எந்த ஹார்மோனும் இன்றியே அது பிரிவினையைத் தொடர்ந்தது. பின்னர் ராபர்ட் எட்வர்ட்ஸ் பசு, ஆடு, பன்றி, மனிதர் ஆகியவற்றின் முட்டைகளும் உடலுக்கு வெளியே அவ்வாறே முதிர்வதை 1965இல் வெளியிட்டார். சோதனைக் குழாய்க் குழந்தைக்கு வழிகோலிய அவர் 2010இல் நோபல் பரிசு பெற்றார். செவிலி உயிரணுக்களிலிருந்து முட்டைக்குள் செல்லும் ஒரு சிறு பொருளே அதனை உறக்கத்தில் வைக்கிறது என்பதும், எல்.எச். வந்ததும் அப்பொருளின் வரத்து நின்றுபோகிறது என்பதும் சுண்டெலிகளில் செய்த சோதனைகளால் விளங்கியுள்ளன.

பசுவின் முட்டை எல்.எச். வெள்ளத்துக்குப் பின் ஏறக்குறைய 20 முதல் 24 மணி நேரத்தில் முதிர்கிறது. 24 முதல் 30 மணி நேரத்துக்குள் குமிழி வெடித்து அது வெளிப்படுகிறது. எல்.எச். வெள்ளமோ பருவத்தின் தொடக்கத்தை ஒட்டியே வருகிறது. ஆகவே, கொல்லையில் மாடு கத்தத் தொடங்கும் நேரமும், உள்ளே முட்டை விழித்தெழும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. மாட்டின் குரல் கடிகாரத்தின் முதல் மணி.

மணிக்கணக்கு

இனி நம் நெசவாளரின் கணக்கைப் பார்ப்போம். விடியற்காலை 5 மணிக்கு மாடு கத்தத் தொடங்கியதெனில், முட்டை வெளிப்படுவது மறுநாள் காலை முதல் நண்பகல் வரையிலான நேரமாகும். வெளிப்பட்ட முட்டை கருக்கொள்ளும் தகுதியுடன் இருப்பது சுமார் 6 முதல் 10 மணி நேரமே. செலுத்தப்பட்ட விந்தணுக்களோ உடனே கருவூட்டவல்லவை அல்ல. கருப்பையின் வழியே சென்று பக்குவப்படச் சில மணி நேரம் வேண்டும். ஆனால் அவை ஒரு நாளளவு உயிருடன் காத்திருக்கும். ஆகையால் முட்டை வருவதற்கு முன்பே விந்தணு சென்று காத்திருத்தல் வேண்டும். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் மாட்டை ஓட்டிச் சென்றால், விந்தணு பக்குவப்பட்டு வருமுன் முட்டை முதுமையடைந்துவிடுகிறது. மூன்று முறையும் நேர்ந்தது இதுவே.

இதனால்தான், காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டுக என்ற விதி ஏற்பட்டது. 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் என்பவர் செய்த ஆராய்ச்சிகளில் பிறந்த இவ்விதி இன்றும் உழவருக்கு நல்ல வழிகாட்டி. கண்டவுடன் பதறி ஓடவும் வேண்டாம். மறுநாள் மாலை வரை ஆறப்போடவும் வேண்டாம்.

பருவத்தின் அடையாளங்களுள் உறுதியானது, பிற மாடு தாவும்போது அசையாமல் நிற்பதாகும். கண்ணாடிபோல் தெளிந்த சளி கயிறுபோல் தொங்குதல், அடிக்கடி சிறுநீர் விடுதல், பால் சற்றுக் குறைதல் ஆகியனவும் அடையாளங்களே. ஒற்றை மாடு வைத்திருப்போர் இவற்றைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும். பருவம் முடிந்து ஓரிரு நாளில் சில மாடுகளிடம் சிறிது இரத்தம் கசியும். அது பருவம் கடந்துவிட்டதற்கு அடையாளம். அன்று கருவூட்டிப் பயனில்லை. தேதியைக் குறித்துக்கொண்டு, ஏறக்குறைய 19 நாள் கழித்து விழிப்பாயிருத்தல் வேண்டும்.

எருமைக்கும் 21 நாள் கணக்கே. ஆயினும் அது ஓசையின்றிப் பருவத்துக்கு வரும். இரவிலும் விடியலிலும் வந்துபோய்விடும். கோடையில் பல எருமைகள் பருவத்துக்கே வாரா. எருமை வளர்ப்போர் விடியுமுன் ஒரு முறையும், இரவில் ஒரு முறையும் கொட்டிலுக்குச் சென்று பார்ப்பது நலம்.

தீனியும் ஹார்மோனும்

நேரம் தவறாமலே மாடு பருவத்துக்கு வராதிருப்பதும் உண்டு. அது வேறு விஷயம். கன்றீன்ற பசு பாலுக்குச் செலவிடும் சத்து, தின்னும் தீனியைவிட மிகும்போது தன் உடலைக் கரைத்துக் கறக்கிறது. உடல் தேய்வதை மூளையின் அடிப்பகுதி அறிந்துகொள்கிறது, எல்.எச். துடிப்புகள் மந்தமடைகின்றன. எஃப்.எஸ்.எச். தடையின்றி வருவதால் அலைகள் எழும், குமிழியும் முந்தும், ஆனால் முதிரும் வலிமை கிட்டாமல் வாடும். வெளியே பார்ப்பவருக்கு மாடு பருவத்துக்கு வரவில்லை என்பது மட்டுமே தெரியும்.

இங்கேதான் அந்த 42 நாள் கணக்கை நினைக்கவேண்டும். இன்று வெளிப்படும் முட்டை, ஒன்றரை மாதத்துக்கு முன்பிருந்து வளர்ந்து வந்த குமிழியின் முட்டை. அந்நாளில் மாடு பட்டினி கிடந்திருந்தாலும், கடும் வெயிலில் நிழலின்றி நின்றிருந்தாலும், அதன் பலன் இன்று தெரியும். மழை பெய்து புல் முளைத்த மறுவாரமே மாடு பருவத்துக்கு வரவில்லையே என்று நொந்துகொள்வது, நாற்று விட்ட மறுநாள் கதிரைத் தேடுவது போலாகும். ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதமும் ஈன்ற பின் முதல் மூன்று மாதமும் தீனியில் கைகுறைத்தல், அடுத்த கன்றின் தேதியைத் தள்ளிப்போடுவதற்குச் சமம். பசுந்தீவனம், பிண்ணாக்கு, தாது உப்புக் கலவை, நிழல், வேண்டுமளவு தண்ணீர் ஆகிய ஐந்தும் முட்டையை வளர்க்கும் மருந்துகளே.

ஊசிகளைப் பற்றி

ஹார்மோன் ஊசி ஒன்று போட்டால் மாடு சினையாகிவிடும் என்ற நம்பிக்கை அங்கத்தினரிடையே பரவியிருக்கிறது. அதில் பாதி உண்மை உண்டு. மஞ்சள் திரளைக் கரைக்கப் புராஸ்டாகிளாண்டின் ஊசியும், எல்.எச். வெள்ளத்தை வரவழைக்க ஜி.என்.ஆர்.எச். ஊசியும் கிடைக்கின்றன. இவ்விரண்டையும் முறைப்படி அடுத்தடுத்துப் போட்டு, பருவ அடையாளத்துக்குக் காத்திராமலே குறித்த நேரத்தில் கருவூட்டும் முறையொன்றை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 1995இல் வெளியிட்டனர். இன்று பல நாடுகளில் அது கையாளப்படுகிறது.

ஆனால் இவ்வூசிகள் யாவும், உள்ளே இருக்கும் ஒன்றுக்குக் கட்டளையிடுபவை. இல்லாததைப் படைப்பவை அல்ல. முதிர்ந்த மஞ்சள் திரள் இல்லாத மாட்டுக்குப் புராஸ்டாகிளாண்டின் போட்டால் கரைய எதுவும் இல்லை. எலும்பு தெரியும் மாட்டுக்கு ஜி.என்.ஆர்.எச். போட்டால், கட்டளையை ஏற்கத்தக்க குமிழி இருப்பது அரிது. ஏற்கெனவே சினையாயிருக்கும் மாட்டுக்குப் புராஸ்டாகிளாண்டின் போட்டால் கரு கலைந்துவிடும். ஆகவே மருத்துவர் சோதித்துப் பார்த்துச் சொன்னாலன்றி இவ்வூசிகளை நாடக்கூடாது. யாரோ கொடுத்தார், யாருக்கோ பலித்தது என்று போட்டுக்கொள்வது, சினை மாட்டை நாமே மலடாக்கிக்கொள்வதில் முடியலாம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

மாட்டுக்கடன் வழங்கும்போது சங்கங்கள் ஈட்டுப் பத்திரம் வாங்குகின்றன. காப்பீட்டுக்குக் காதில் வில்லை போடச் செய்கின்றன. அவற்றுடன் ஒரு சிறு அட்டையையும் கொடுக்கலாம். அதில் கன்றீன்ற தேதி, பருவம் கண்ட தேதியும் நேரமும், கருவூட்டிய தேதியும் நேரமும் என்ற மூன்று கட்டங்கள் இருந்தால் போதும். கருவூட்டி 21 நாள் கழித்து மாடு மீண்டும் பருவத்துக்கு வந்ததா என்பதையும், மூன்றாம் மாதம் சினைச் சோதனை நடந்ததா என்பதையும் அதிலேயே குறிக்கலாம். மருத்துவர் அவ்வட்டையைப் பார்த்த மாத்திரத்தில் பிழை நேரத்திலா, தீனியிலா, நோயிலா என்று ஊகிக்க இயலும். கடன் கொடுத்த சங்கத்துக்கும் தன் பணம் எந்நிலையில் உள்ளது என்பது தெரியும்.

அந்நெசவாளரின் மாட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சந்தைக்கு ஓட்டிச் செல்வதை அவர் நிறுத்தினார். என் குறிப்பை நானே திருப்பி எடுத்துக்கொண்டு, தவணைக்கு ஆறு மாத அவகாசம் கேட்டு நிர்வாகக் குழுவுக்கு வேறு குறிப்பு எழுதினேன், குழுவினர் ஏற்றுக்கொண்டனர். அடுத்த பருவத்தின்போதும் விடியற்காலையில்தான் மாடு கத்தியது. அன்றும் தறியில் வேலை இருந்தது. ஆயினும் அன்று மாலை 5 மணிக்கு மாடு மருத்துவ நிலையத்தில் நின்றது. அவ்வம்மையார் அந்தத் தேதியைப் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அதன் கீழே 21 நாள் கூட்டி மற்றொரு தேதியையும் எழுதிவைத்திருந்தார். அந்நாள் வந்தது, மாடு கத்தவில்லை. மூன்றாம் மாதம் மருத்துவர் சோதித்துச் சினை என்று உறுதி செய்தார்.

மலடு என்று ஒரு வரியில் எழுதிவிடுவது எளிது. அவ்வரிக்குப் பின்னால், பிறப்பதற்கு முன்பிருந்தே காத்திருக்கும் ஒரு முட்டையும், அதனை எழுப்பும் ஹார்மோன்களின் ஒழுங்கும், அவ்வொழுங்குக்கு ஏற்ப நடக்கவேண்டிய நமது கடமையும் இருக்கின்றன. மாட்டின் வேலையை மாடு தவறாமல் செய்கிறது. தீனியும் நேரமும் நம்முடைய பொறுப்பு.